ஒரே சாயமும் இரு பார்வைகளும்: நரம்புக்கலக் கொள்கையின் தோற்றம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1906 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 11 ஆம் திகதி, சுவீடனின் தலைநகரான ஸ்ரொக்ஹோமில் இத்தாலியப் பேராசிரியர் கமில்லோ கொல்கி தமது நோபல் பேருரையை நிகழ்த்தினார். நரம்புத் தொகுதியின் அமைப்பை ஆராய்ந்தமைக்காக அவருக்கும் ஸ்பானியப் பேராசிரியர் சந்தியாகோ ரமோன் இ கஹாலுக்கும் அவ்வாண்டின் மருத்துவப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தது. மருத்துவத்துறையில் இப்பரிசு இருவருக்குப் பங்கிடப்பட்டது அதுவே முதற்றடவையாகும். கொல்கி தமது உரைக்கு எடுத்துக்கொண்ட பொருள் நரம்புக்கலக் கொள்கை. அதனை அவர் ஏற்கவில்லை, மறுத்தே பேசினார். மறுநாள் உரையாற்றிய கஹால், அக்கொள்கையே பொருந்துவது எனத் தம் வாழ்நாளாய்வின் சான்றுகளைக் கொண்டு நிறுவ முயன்றார். கஹால் கையாண்ட ஆய்வுமுறையோ கொல்கி கண்டுபிடித்தது. ஒரே சாயத்தைப் பயன்படுத்தி, ஒரே உறுப்பை நோக்கிய இருவர், ஒன்றுக்கொன்று முரணான இரு முடிவுகளுக்கு வந்து, ஒரே பரிசைப் பெற்றனர்.

இந்நிகழ்ச்சியை இரு அறிஞர்களுக்கிடையிலான தனிப்பட்ட பகைமையாகக் கூறிவிடுவது எளிது. விஞ்ஞான வரலாற்றை எழுதிய பலரும் அவ்வாறே கூறியுள்ளனர். ஆனால், ஒரு கருவி கிடைத்தமாத்திரத்தில் உண்மை தானாகவே புலப்பட்டுவிடுமா, புலப்பட்ட உண்மை எவ்வழியாக உலகின் உடைமையாகின்றது என்னும் இரு வினாக்களுக்கும் இவ்வரலாற்றில் விடையுண்டு. அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலையா, கலமா?

உயிரிகள் யாவும் கலங்களாலானவை என்ற கொள்கையை 1838, 1839 ஆம் ஆண்டுகளில் ஜேர்மானியரான ஷ்லைடனும் ஷ்வானும் வகுத்தனர். தாவரத்துக்கும் விலங்குக்கும், தோலுக்கும் தசைக்கும் பொருந்திய இக்கொள்கை, மூளைக்குப் பொருந்துமா என்பது மட்டும் நெடுங்காலம் தீராத ஐயமாகவே இருந்தது. நரம்பிழையத்தில் வட்டமான உடல்கள் தென்பட்டன. நீண்ட நார்களும் தென்பட்டன. பேர்க்கிஞ்சே என்ற செக் நாட்டறிஞர் 1837 இல் சிறுமூளையின் பெருங்கலங்களை விவரித்திருந்தார். எனினும் அவ்வுடல்களுக்கும் நார்களுக்கும் இடையிலான தொடர்பு தெளிவாகவில்லை. 29 வயதிலேயே இறந்துபோன ஓட்டோ டைற்றர்சின் ஆய்வு, அவரது மறைவுக்குப்பின் 1865 இல் வெளியாயிற்று. நரம்புக்கலமொன்றிலிருந்து கிளைவிடும் பல முளைகளும், அவற்றினின்று வேறான ஒரு தனி நீள்நாரும் புறப்படுகின்றன என்பதை அவ்வாய்வு காட்டியது. ஆயினும் அக்கிளைகள் எங்கே சென்று முடிகின்றன என்பதை அக்காலச் சாயங்களால் அறிய இயலவில்லை.

அறியவொண்ணாத அவ்விடத்தைக் கருதுகோள் ஒன்று நிரப்பியது. 1872 இல் ஜோசப் ஃபொன் கேர்லாக், நரம்புக்கலங்களின் நுண்கிளைகள் ஒன்றோடொன்று உருகிக் கலந்து, இடையறாத ஒரு வலையாக அமைந்துள்ளன என்றார். இதுவே வலைக்கொள்கை எனப்பட்டது. இக்கொள்கையின்படி மூளை என்பது தனித்தனிக் கலங்களின் கூட்டன்று. பிரிக்கவியலாத ஒரே பரப்பாகும்.

இவ்விவாதம் உடற்கூற்றியலுக்குள் மட்டும் அடங்கியதன்று என்பதும் நினைவிற்கொள்ளற்பாலது. 1870 இல் ஃபிரிட்ஷ், ஹிற்சிக் என்னும் இருவர் நாயொன்றின் மூளையின் குறித்த பகுதிகளை மின்னாற் றூண்டி, குறித்த தசைகள் அசைவதைக் காட்டினர். மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு தொழில் உண்டென்போருக்கு இது பெரும் ஆதாரமாயிற்று. மூளை முழுமையாகவே இயங்குகின்றது என்போரோ இதனை எதிர்த்தனர். முழுமையை வலியுறுத்தியோருக்கு இடையறாத வலை இயல்பாகவே உவப்பானதாயிற்று. கொல்கி இச்சாராரைச் சேர்ந்தவர்.

சமையலறையிற் பிறந்த முறை

கொல்கி 1843 இல் வட இத்தாலியில் லொம்பார்டிப் பிரதேசத்தின் மலைக்கிராமமான கோர்ட்டெனோவிற் பிறந்தவர். மருத்துவர் ஒருவரின் மகன். 1865 இல் பாவியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, பிற்சொசெரோவின் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி ஆய்விற் பயிற்சி பெற்றார். ஆயினும் ஆய்வு சோறு போடவில்லை. 1872 இல் அபியாத்தெகிராசோ என்ற சிற்றூரில், தீராநோயாளர் விடுதியொன்றின் தலைமை மருத்துவர் பதவியை அவர் ஏற்க நேர்ந்தது. அங்கு ஆய்வுகூடம் இல்லை. விடுதியிலிருந்த சிறியதொரு சமையலறையையே அவர் ஆய்வுகூடமாக்கிக்கொண்டார்.

அவ்வறையிலேயே 1873 இல் அவர் கண்ட முறை பிற்காலத்திற் கருந்தாக்கம் எனப் பெயர்பெற்றது. பொற்றாசியம் இருகுரோமேற்றுக் கரைசலில் ஊறிய மூளைத்துண்டொன்றை வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் இடும்போது, வெள்ளிக் குரோமேற்று என்னும் உப்பு கலங்களுள் வீழ்படிவாகின்றது. இம்முறையின் சிறப்பு அது எல்லாக் கலங்களையும் பற்றாமையிலேயே தங்கியுள்ளது. நூற்றுக்கு ஒரு சில கலங்கள் மட்டும், உடல் முதல் கடைசிக் கிளை வரை முற்றாகக் கறுத்து, மஞ்சட் பின்னணியில் வரைந்த சித்திரம்போல் தோன்றுகின்றன. எல்லாக் கலங்களும் கறுத்திருப்பின் கண்ணுக்குத் தெரிவது வெறும் இருளாகவே இருந்திருக்கும். எக்கலம் கறுக்கும், எது கறுக்காது என்பதை முன்கூட்டியே கூற முடியாதிருந்தமை இம்முறையின் குறையுமாயிற்று.

இம்முறையைக்கொண்டு கொல்கி அரிய பல உண்மைகளைக் கண்டார். நீள்நாரினின்று பக்கக் கிளைகள் பிரிகின்றன என்பதை முதலிற் காட்டியவர் அவரே. ஆனால் அப்பக்கக் கிளைகள் மேலும் மேலும் பிரிந்து, பிற கலங்களின் நார்களோடு கலந்து, மூளை முழுவதும் பரந்த வலையாகின்றன என அவர் முடிவுசெய்தார். குறுங்கிளைகளுக்கோ கலத்துக்கு ஊட்டமளிக்கும் பணியையே வழங்கினார். கேர்லாக்கின் வலையை அவர் அப்படியே ஏற்கவில்லை. அதனைக் குறுங்கிளைகளினின்று நீள்நார்களுக்கு மாற்றினார். வலை என்ற கருத்து மட்டும் மாறவில்லை.

அவருடைய கட்டுரை இத்தாலிய மொழியில், இத்தாலிய மருத்துவ இதழொன்றில் வெளிவந்தது. விஞ்ஞானத்தின் தலைமைப்பீடம் அந்நாளில் ஜேர்மனியில் இருந்தது. சிறந்த வில்லைகள் அங்கே செய்யப்பட்டன. முக்கிய இதழ்கள் அம்மொழியிலேயே வெளியாயின. எனவே கருந்தாக்கம் பதினான்கு ஆண்டுகள்வரை பரவலாக அறியப்படாமற் கிடந்தது. 1887 இல் ஜேர்மானிய இழையவியலின் மூத்த அறிஞரான கோலிக்கர் பாவியாவுக்கு வந்து பார்த்தபின்னரே அதன் புகழ் பரவத் தொடங்கிற்று.

ஸ்பானிய மருத்துவர்

அதே 1887 ஆம் ஆண்டில், மட்றிட் நகரில், லூயிஸ் சிமார்ரோ என்ற மருத்துவர் தாம் பாரிசிலிருந்து கற்றுவந்த இம்முறையாற் சாயமூட்டிய வில்லைகளை நண்பர் ஒருவருக்குக் காட்டினார். பார்த்தவர் கஹால். அப்போது அவருக்கு வயது 35.

கஹால் 1852 இல் பெற்றிலா டி அரகோன் என்ற ஊரிற் பிறந்தவர். ஓவியனாக வேண்டும் என்பதே அவரது இளமைக்கனவு. மருத்துவரான தந்தை அதனை விரும்பவில்லை; அடங்காத மகனை நாவிதரிடமும் சப்பாத்துத் தைப்பவரிடமும் தொழில் பழக விட்டார். பின்னர் இடுகாட்டினின்று பெற்ற எலும்புகளை முன்வைத்து அவனுக்கு உடற்கூற்றியலைக் கற்பித்தார். எலும்பை வரையத் தொடங்கிய கை மருத்துவத்துக்குப் பழகிற்று. 1873 இற் பட்டம் பெற்ற கஹால், படைமருத்துவராகக் கியூபாவுக்கு அனுப்பப்பட்டு, மலேரியாவுடன் திரும்பினார். அச்சேவையிற் சேர்ந்த பணத்தைக்கொண்டே தமது முதல் நுணுக்குக்காட்டியை வாங்கினார். 1885 இல் வலென்சியாவிற் கொள்ளைநோயாகப் பரவிய வாந்திபேதியை ஆராய்ந்து அறிக்கை அளித்தமைக்காகச் சரகோசா மாகாண சபை அவருக்கு உயர்தரமான சைஸ் நுணுக்குக்காட்டி ஒன்றைப் பரிசளித்தது. அதுவரை அத்தகைய கருவி அவர் கையில் இருக்கவில்லை.

1887 இறுதியிற் பார்சலோனாவுக்குப் பேராசிரியராகச் சென்ற கஹால், கொல்கியின் முறையைத் தமதாக்கிக்கொண்டார். அதில் அவர் செய்த மாற்றங்கள் இரண்டு. வெள்ளி ஏற்றத்தை இருமுறை செய்து, சாயம் ஒழுங்காகப் பற்றும்படி செய்தமை ஒன்று. முதிர்ந்த மூளையை விட்டு, பறவைகளினதும் சிறு விலங்குகளினதும் முளையங்களையும் குஞ்சுகளையும் குட்டிகளையும் ஆராய்ந்தமை மற்றொன்று. முதிர்ந்த நரம்பு நார்களை மயலின் என்னும் கொழுப்புறை போர்த்தியிருப்பதால் வெள்ளி அவற்றுட் புகுவதில்லை. முளையத்தில் அவ்வுறை இன்னும் தோன்றவில்லை, கிளைகளும் குறுகியவை, எனவே நாரொன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை தொடர்ந்து காணலாம். அடர்ந்த முதுகாட்டிலே திகைப்பதை விட்டு இளங்கன்றுகள் வளரும் நாற்றுமேடையை நோக்குவதற்கு இதனை அவர் தமது தன்வரலாற்றில் ஒப்பிடுகின்றார்.

இவ்விரு மாற்றங்களுள் முன்னையது கைத்திறன். பின்னையதே இவ்வரலாற்றின் திருப்புமுனை. சாயத்தை மாற்றியதனாலன்று, சாயமிடவேண்டிய பொருளை மாற்றியதனாலேயே வழி திறந்தது.

1888 இற் பறவைகளின் சிறுமூளையை ஆராய்ந்த கஹால், சில கலங்களின் நீள்நார்கள் பேர்க்கிஞ்சேக் கலங்களின் உடலைச் சுற்றிக் கூடைபோற் பின்னி முடிவடைவதைக் கண்டார். கூடை கலத்தைத் தழுவுகின்றது, கலத்தோடு கலப்பதில்லை. நார்கள் எங்கும் சுதந்திரமாகவே முடிந்தன. வலை எங்குமே தென்படவில்லை. ஆகவே நரம்புக்கலம் ஒவ்வொன்றும் தனித்த உயிரலகு, அவற்றின் தொடர்பு தொடுகையே அன்றிக் கலப்பன்று என அவர் முடிவு கண்டார்.

இவ்விடத்தில் ஒன்றைக் கூறாது விடல் முறையன்று. கஹாலுக்கு ஓராண்டு முன்னதாகவே, 1886 - 1887 காலப்பகுதியில், முளைய வளர்ச்சியை ஆராய்ந்த வில்ஹெல்ம் ஹிஸ்சும், காயமுற்ற நரம்புகளின் சிதைவை ஆராய்ந்த சுவிஸ் அறிஞர் ஒகஸ்ட் ஃபோரெல்லும் இதே கருத்தை அணுகியிருந்தனர். பிற்காலத்தில் துருவப் பயணியாகப் புகழ்பெற்ற நோர்வேயின் ஃபிரிட்யோஃப் நான்சனும் 1887 இல் அதனைச் சார்ந்தே எழுதினார். கொள்கை ஒருவரது தனிச்சொத்தாகத் தோன்றவில்லை, காலம் கனிந்திருந்தது. ஆனால் அதனை உறுப்புத் தோறும், விலங்கு தோறும் கண்ணெதிரே காட்டியவர் கஹாலே.

பேர்லினை நோக்கி

கண்டதை எங்கே வெளியிடுவது? ஸ்பெயினில் இத்துறைக்கெனத் தக்க இதழ் இருக்கவில்லை. எனவே 1888 மே மாதத்திற் கஹால் தம் சொந்தச் செலவில் ஓர் இழையவியல் இதழைத் தொடங்கினார். முதலிதழில் அச்சிடப்பட்டவை 60 பிரதிகள் மட்டுமே. அவற்றிற் பெரும்பாலானவற்றை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். பதில் ஏறத்தாழ வரவேயில்லை. ஸ்பானிய மொழியில் விஞ்ஞானம் எழுதப்படுமென எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. எழுதப்பட்டதை வாசிக்கக்கூடியவரும் அரியர்.

1889 ஒக்ரோபரில் அவர் வேறு வழியை நாடினார். தமது வில்லைகளைப் பொதிந்தெடுத்துக்கொண்டு, பேர்லினில் நடைபெற்ற ஜேர்மானிய உடற்கூற்றியற் கழகத்தின் கூட்டத்துக்குச் சொந்தச் செலவிற் சென்றார். ஜேர்மன் மொழி அவருக்குப் பேச்சளவில் வசப்படவில்லை. அவரது பிரெஞ்சும் தடுமாற்றமானது. ஆனால் நுணுக்குக்காட்டியின் கீழிருந்த வில்லைக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. முதலில் ஐயத்துடன் வந்து குனிந்து பார்த்தவர்கள் வியப்புடன் நிமிர்ந்தனர். அவர்களுள் தலையானவர் கோலிக்கர். அப்போது 72 வயதினரான அம்முதுபெரும் அறிஞர், அதுவரை வலைக்கொள்கையைச் சார்ந்திருந்தவர். கஹாலின் ஆய்வுகளைத் தாமே திரும்பச் செய்து பார்த்து, தம் கருத்தை வெளிப்படையாகவே மாற்றிக்கொண்டார். கஹாலின் எழுத்துக்களை வாசிப்பதற்காக அவர் ஸ்பானிய மொழியையும் கற்றார் என்பர்.

1891 இற் பேர்லின் பேராசிரியர் வால்டையர், இவ்வாய்வுகளைத் தொகுத்து ஜேர்மானிய மருத்துவ வார இதழில் எழுதிய கட்டுரைத்தொடரிலே நரம்புக்கலத்துக்கு நியூரோன் என்ற கிரேக்கப் பெயரை இட்டார். இத்துறையில் வால்டையர் புதிதாக எதனையும் கண்டவரல்லர். எனினும் கொள்கை அவரிட்ட பெயராலேயே நிலைபெற்றது. மையத்திலிருந்தவர் பெயரிட்ட பின்னரே விளிம்பிலிருந்தவர் கண்டது உலகக் கொள்கையாயிற்று என்பது ஊன்றி நோக்கற்குரியது.

அதன்பின் வளர்ச்சி விரைவானதாயிற்று. விழித்திரை முதலிய உறுப்புகளை ஆராய்ந்த கஹால், கணத்தாக்கம் குறுங்கிளைகளினூடாகக் கலத்துட் புகுந்து நீள்நாரினூடாக வெளியேறுகின்றது என்ற விதியை வகுத்தார். அசையாத, இறந்த இழையத்தினின்று செய்தி செல்லும் திசையை அவர் ஊகித்தறிந்தமை வியக்கத்தக்கது. 1894 இல் இலண்டன் றோயல் கழகம் அவரைப் பேருரைக்கு அழைத்தது; அப்பயணத்தில் அவர் ஷெரிங்ரனின் இல்லத்திலே தங்கினார். கலமும் கலமும் தொடும் இடத்துக்கு 1897 இல் சினாப்ஸ் எனப் பெயரிட்டவர் அந்த ஷெரிங்ரனே.

மறுப்பும் தீர்ப்பும்

இப்பின்னணியிலேயே 1906 ஆம் ஆண்டின் உரைகளை நோக்குதல் வேண்டும். கொல்கிக்கு அப்போது வயது 63. மலேரியாக் கிருமியின் வளர்ச்சி வட்டத்தைக் காய்ச்சலின் முறைகளோடு தொடர்புபடுத்தியவர், 1898 இற் கலத்தினுள்ளே தம் பெயர்தாங்கிய உறுப்பொன்றைக் கண்டவர், இத்தாலியச் செனற்றர். அத்தகைய ஒருவரை அறியாமையால் மறுத்தவர் எனக் கூறிவிட முடியாது. நரம்புக்கலங்கள் தனித்தனியே இயங்குமாயின், மூளையின் ஒருமித்த செயற்பாடு எவ்வாறு நிகழ்கின்றது என்ற வினா அவரை விடவில்லை. வினா பொருளுடையதே. அதற்கு வலைதான் விடை என அவர் முன்கூட்டியே நம்பியிருந்தமையே தடையாயிற்று. முதிர்ந்த மூளையின் அடர்த்தியில், பார்வை எட்டாத எல்லையில், அவரது நம்பிக்கை எஞ்சிய கோட்டை வரைந்து முடித்தது.

இரு உரைகளும் பிரெஞ்சு மொழியில் அமைந்தன. இத்தாலியரும் ஸ்பானியரும் தத்தம் மொழியில் கண்டவற்றைப் பிறிதொரு மொழியிலேயே உலகின்முன் வாதிட வேண்டியிருந்தது.

தீர்ப்போ பரிசுக்குழுவின் கையில் இருக்கவில்லை. 1907 இல் அமெரிக்கரான றொஸ் ஹரிசன், தவளை முளையத்தின் நரம்பிழையத்தை உடலுக்கு வெளியே வளர்த்து, நார் தனிக்கலத்தினின்றே முளைத்து நீள்வதைக் காட்டினார். எனினும் கலங்களுக்கிடையில் உண்மையாகவே இடைவெளி உண்டா என்பது ஒளி நுணுக்குக்காட்டியின் எல்லைக்கு அப்பாற்பட்டிருந்தது. கஹால் தமது இறுதிக்காலத்திலும், 1933 இல், வலைக்கொள்கைக்கு எதிராக நூலெழுத வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார். கொல்கி 1926 இலேயே மறைந்திருந்தார். 1950 களின் நடுப்பகுதியில் இலத்திரன் நுணுக்குக்காட்டி அவ்விடைவெளியைக் காட்டியது. அதன் அகலம் ஏறத்தாழ 20 நனோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

ஆயினும் கொல்கியின் கருத்து முற்றாகப் பொய்த்துவிட்டது என்றும் கூறுவதற்கில்லை. சில நரம்புக்கலங்களிடையே மின்னோட்டம் நேரே பாயும் சந்திகள் உண்டென்பதை ஃபர்ஷ்பனும் பொற்றரும் 1950 களின் பிற்பகுதியில் நன்னீர் இறால்வகை ஒன்றில் நிறுவினர். சீப்பு இழுது எனப்படும் கடலுயிரியின் இளம்பருவத்தில், நரம்புவலையொன்றின் கலங்கள் உண்மையாகவே ஒன்றோடொன்று கலந்து தொடர்ந்திருப்பது 2023 இல் வெளியான ஆய்வொன்றாற் புலப்பட்டது. மனித மூளையின் ஏறத்தாழ 8600 கோடி நரம்புக்கலங்களைப் பொறுத்தவரை கஹாலின் கொள்கையே அடித்தளம். ஆனால் இயற்கை ஒரே வழியை மட்டும் கையாளவில்லை.

முடிவுரை

இதுவரை நோக்கியவற்றினின்று பெறப்படுவன யாவை? கருவி உண்மையைத் தானாகத் தருவதில்லை. கருந்தாக்கம் கொல்கியின் கையிற் பதினைந்தாண்டுகள் இருந்தது. அது காட்டியதை வலையாகவே அவர் கண்டார். அதே முறை, எங்கே நோக்கவேண்டும் என்ற வினாவை மாற்றியமைத்த ஒருவரின் கையிற் பிறிதொரு உண்மையைக் காட்டிற்று. ஆனாற் கஹாலின் வெற்றி கொல்கியின் சமையலறையின்றி நிகழ்ந்திருக்காது. விஞ்ஞானத்திற் பிழைத்த கொள்கையினரும் கடன்கொடுத்தோரேயாவர்.

இரண்டாவது, அறிவு விளிம்பிலும் பிறக்கும் என்பது. தீராநோயாளர் விடுதியும், அறுபது பிரதி இதழும் பெரும் மையங்களல்ல. எனினும் விளிம்பிற் பிறந்த அறிவு விளிம்பிலேயே நிலைபெறுதல் அரிது. இதனைக் கஹால் நன்குணர்ந்திருந்தார். 1898 இல் ஸ்பெயின் தன் எஞ்சிய குடியேற்ற நாடுகளை இழந்து சோர்ந்திருந்த காலத்தில், நாட்டின் மீட்சி ஆய்வுகூடங்களிலும் கல்வியிலும் தங்கியுள்ளதென அவர் வற்புறுத்தினார். 1907 இல் இளைஞரை வெளிநாடுகளுக்கனுப்பி ஆய்விற் பயிற்றுவிக்கும் அரச சபை அமைக்கப்பட்டபோது அதன் தலைவரானார். தமது பெருநூலை 1899 முதல் 1904 வரை ஸ்பானிய மொழியிலேயே வெளியிட்டார். உலகம் அதனைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் வாசித்தது. தன் மொழியில் எழுதுதலும், எழுதியதை உலகின் வாயிலுக்குத் தானே சுமந்து செல்லுதலும் அவருக்கு ஒன்றுக்கொன்று முரணான கடமைகளாகத் தோன்றவில்லை.

அவர் வளர்த்த ஆய்வுக்குழு மூளையின் நுண்கலவகைகளை ஆராய்ந்து மேலும் புகழீட்டிற்று. ஆனால் 1936 இல் மூண்ட உள்நாட்டுப் போர் அதனைச் சிதறடித்தது. அவருடைய பயிற்றுவிப்புச் சபையும் அப்போருடன் முடிவுற்றது. அக்குழுவின் தலைசிறந்தவர்களுள் ஒருவரான றியோ ஒர்ற்றேகா 1945 இல் ஆர்ஜென்ரீனாவில், தாய்நாட்டுக்குத் திரும்பாமலே இறந்தார். தனிமனிதர் ஒருவரின் உழைப்பால் ஒரு நாடு அறிவுலகில் இடம்பெற ஐம்பதாண்டுகள் வேண்டியிருந்தன. அவ்விடத்தை இழக்க மூன்றாண்டுப் போர் போதுமாயிற்று. நரம்புக்கலக் கொள்கையின் வரலாறு பாடநூல்களிற் கஹாலின் வெற்றியோடு முடிவடைகின்றது. அவ்வெற்றிக்குப் பின்னர் நிகழ்ந்த இவ்விழப்பையும் சேர்த்து வாசிக்கும்போதே அது முழுமை பெறுகின்றது.